ராசா உடுப்பின் முதுகுத் தையல்

கொழும்பில் ஒரு கிழமைப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, பழைய உடுப்புகளைப் பற்றி முல்லைத்தீவு மாவட்டத்திலேயே அதிகம் தெரிந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அது பொய்யுமில்லை. வேறு ஒருவருக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை. தனியாக ஓடி முதலாவதாக வருவது எனக்குச் சிறுவயதிலிருந்தே கைவந்த கலை.

எங்கள் நூதனசாலை இரண்டு அறைகள்தான். முன்னர் கூட்டுறவுக் கடையாக இருந்த கட்டடம். மழைக்காலத்தில் இன்னமும் சுவரிலிருந்து மண்ணெண்ணெய் மணக்கும். முன்னறையில் கலப்பை, துடுப்பு, நெல் அளக்கும் மரக்கால் என்று ஆண்பிள்ளைச் சாமான்கள். பின்னறையில் உடுப்புகள்: அந்தக் காலத்து ஊர் அதிகாரியான ஒரு விதானையாரின் கறுப்புக் கோட்டு, இரண்டு கூறைச்சேலைகள், ஒரு வியாபாரக் குடும்பம் கொடுத்த பழைய தொப்பி. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, தண்ணீர் எங்கே குடிக்கலாம் என்று கேட்பார்கள்.

வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். பதிவேடு பார்க்க ஒரு தங்கச்சி. வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்தவர், முப்பது வயது, எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். பொறுப்பாளர் நான். ஐம்பத்திரண்டு வயது, முள்ளியவளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகிறவன், எதையும் பகிடியாக்காமல் விடமாட்டேன்.

பயிற்சியில் படித்ததையெல்லாம் அட்டையில் எழுதிப் பின்னறைக் கதவில் ஒட்டினேன். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடவேண்டும். மோதிரமும் மணிக்கூடும் கழற்றவேண்டும். உடுப்பைத் தொங்கவிடக் கூடாது, கிடத்தி வைக்கவேண்டும். வெயில் படக் கூடாது, ஆகவே யன்னல் திறக்கக் கூடாது. காற்றாடி போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில்: எந்தக் காரணம் கொண்டும் ஒருவரும் அணிந்து பார்க்கக் கூடாது.

இந்தச் சட்டங்களுக்குள்ளே நாள் முழுக்க இருக்கப்போவது நானேதான் என்பதை எழுதும்போது யோசிக்கவில்லை. யன்னல் பூட்டிய அந்த அறை காலை பத்து மணிக்கே பாண் சுடும் போறணையாகிவிடும்.

"சேர், உடுப்புகள் வடிவா இருக்கு. நாங்கள்தான் பழுதாப்போறம்" என்பார் தங்கச்சி, பதிவேட்டால் விசிறிக்கொண்டு.

இப்படி அவிந்துகொண்டிருந்த காலத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பின்னறையில் மக்கள் வந்து பார்க்கத்தக்கதாக ஒரு பொருளாவது சேராவிட்டால், ஆண்டு முடிவோடு அறையை மூடி, இருக்கிற உடுப்புகளைக் கொழும்புக்கு எடுத்துவிடுவார்களாம். விதானையாரின் கோட்டைக் கொழும்புக்கு அனுப்பினால் அங்கே ஒரு பெட்டிக்குள் போய்விடும். பிறகு அதை இந்த மண்ணில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. இந்தக் கவலையை ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் அது இங்கே இருந்தபோதும் ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ராசா உடுப்பு வந்தது.

கொண்டுவந்தவர் நாயாற்றுப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்து அக்கா ஒருவர். அறுபதைத் தாண்டியவர், மெலிந்த உருவம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவருடைய கணவர் கடற்தொழிலாளி. கோயில் திருநாளுக்கு ஆடும் கூத்தில் வருடா வருடம் ராசா வேடம் அவருக்குத்தான். அவர் இறந்து கனகாலம். உடுப்பு மட்டும் இருந்தது. மூடி போட்ட நீல வாளிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்திருந்தார்.

மேசையில் விரித்தார். கருஞ்சிவப்பு வெல்வெட். நெஞ்சு முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். தோளில் ஜரிகை கறுத்துப்போயிருந்தது. கையின் உட்பக்கத்தில் வியர்வை வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது. முன்பக்கம் ஒரே துணி. முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்தபடி. அதைப் பூட்ட ஒரு தெறியும் இல்லை, கொக்கியும் இல்லை.

"துவைக்கேல்லைத் தம்பி, குறை நினையாதைங்கோ" என்றார் அந்த அக்கா.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் துவைக்காத உடுப்பைப் பிறர் கையில் கொடுக்கமாட்டார்கள். கிழிந்த சாரத்தைக் கொடுத்தாலும் துவைத்து, காயவைத்து, மடித்துத்தான் கொடுப்பார்கள். கோட்டையும் கூறைகளையும் அப்படி வெளுத்து, கஞ்சி போட்டுத்தான் எங்களிடம் தந்திருந்தார்கள். பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது: துவைக்காத உடுப்புக் கிடைத்தால் அதிர்ஷ்டம், அழுக்கிலும் கறையிலும்தான் கதை இருக்கிறது. எனக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று மனதுக்குள் துள்ளினேன். ஏன் துவைக்கவில்லை என்று அவரைக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

"ஒரு மாதம் வச்சிருங்கோ. எப்பிடிப் பாக்கிறியள் எண்டு நான் வந்து பாப்பன். பிறகுதான் தாறதோ இல்லையோ எண்டு சொல்லுவன்" என்றார். தங்கச்சி நீட்டிய நன்கொடைப் படிவத்தை அவர் தொடவேயில்லை.

பழைய உடுப்புக்குள் பூச்சி இருந்தால் கடுங்குளிரில் வைத்துக் கொல்லவேண்டும். கொழும்பில் அதற்கென்று தனி அறை இருக்கிறது. எங்களிடம் இருந்தது பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து ஐஸ்கிறீம் கடை. கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மனிதர், புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். காற்றுப் போகாமல் இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றிய பொதியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன சேர், பாரை மீனோ?"

"இல்லை நானா. ராசா."

"ராசாவை ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில கிடத்தினா பிள்ளையள் வாங்குவினமே?"

"அடியில போடுங்கோ. ஆரும் கேட்டா, மருந்து எண்டு சொல்லுங்கோ."

"மருந்து எண்டா முழுக்கடையும் படுத்திடும். நான் ராசா எண்டே சொல்லுறன், ஒருத்தனும் நம்பமாட்டான்."

இரண்டு கிழமை ராசா அங்கே கிடந்தார். பிறகு வெளியே எடுத்து, ஒரு நாள் பையைத் திறக்காமல் வைத்து, பழைய வெள்ளை வேட்டியொன்றை விரித்து அதில் கிடத்தி, மெல்லிய தூரிகையால் தூசு தட்டினேன். கண்ணாடி ஒவ்வொன்றையும் ஈரமில்லாத பஞ்சால் துடைத்தேன். அந்த மூன்று நாளும் நான் பகிடி விடவில்லை. தங்கச்சி எனக்குக் காய்ச்சலோ என்று கேட்டார்.

நாலாம் நாள்தான் முதுகின் இரண்டு விளிம்புகளையும் கவனித்தேன். நெடுக ஊசித் துளைகள். இடுப்புக்கு மேலே பல துளைகளுக்குள் வெள்ளை நூல் துண்டுகள் கிடந்தன. வியர்வையில் பழுப்பேறி, சிலது முடிச்சோடு, சிலது பிசிறாக. பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: பிற்காலத்தில் போட்ட ஒட்டுத் தையல் துணியை இழுத்துக் கிழிக்கும், அதை அகற்றலாம். ஆனால் முதலில் படம் எடுக்கவேண்டும், கொடுத்தவரைக் கேட்கவேண்டும், அகற்றியதை உறையில் போட்டு எழுதி வைக்கவேண்டும். எனக்கு வசனத்தின் முதற்பாதி மட்டும் நல்ல நினைவாக இருந்தது.

சின்னச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அரை மணி நேரம். வாழ்க்கையில் அவ்வளவு நுட்பமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

"சேர், உதை ஒரு என்வலப்பில போட்டு வைப்பமே?" என்று தங்கச்சி கேட்டார்.

"நூல்தானே தங்கச்சி. நூலுக்கெண்டு வேற நூதனசாலை கட்டோணும்."

என் பகிடிக்கு நானே சிரித்தேன். நூல் துண்டுகள் தூசோடு குப்பைக் கூடைக்குப் போயின. பின்னேரம் வேப்பஞ்சருகுகளோடு சேர்த்துக் கட்டடத்துக்குப் பின்னால் கொளுத்தினேன்.

மாதம் முடிந்து அந்த அக்கா வந்தார். புதுச்சேலை உடுத்து, கைப்பையோடு, கலியாண வீட்டுக்கு வந்தவர்போல. பின்னறைக்குள் வந்து, கதவில் ஒட்டிய அட்டையை முழுதாக வாசித்தார். சொல்லாமலே கை கழுவிவிட்டு வந்தார். மேசையில் வெள்ளை வேட்டியில் கிடந்த உடுப்பைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பிரேதம் மாதிரிக் கிடத்தி வச்சிருக்கிறியள்?"

"தொங்கவிடக் கூடாது அக்கா. தோள்பக்கம் கிழிஞ்சிடும்."

"உது எழும்பி நிக்கிற உடுப்பு. கிடத்திப் பாத்தா என்ன தெரியும்? நிப்பாட்டிக் காட்டுங்கோ."

நிறுத்திக் காட்ட எங்களிடம் ஒரு பொம்மைதான் இருந்தது. புடவைக்கடையில் இரவல் வாங்கியது, பெண் பொம்மை, கொடி இடை. ராசா உடுப்பை அதன்மேல் வைத்தபோது தோளிலிருந்து வழுக்கி விழப் பார்த்தது. தங்கச்சி பாய்ந்து ஏந்திக்கொண்டார். அக்கா பொம்மையைப் பார்த்தார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை என் வயிற்றில் நின்றது.

"என்ர மனுசன்ர உடம்பும் உதுதான். நீங்கள் போடுங்கோ தம்பி, நான் தைச்சுக் காட்டுறன்."

"என்னத்தைத் தைக்கிறது?"

"உதுக்குத் தெறி இல்லைத்தானே. ஆளுக்குப் போட்டிட்டு முதுகிலதான் தைக்கிறது. கொக்கி எண்டா ராசா துள்ளிற துள்ளலுக்கு நிக்குமே? தைச்சா விடியுமட்டும் அசையாது. கூத்து முடிஞ்சா பிரிச்சு எடுக்கிறது. கலியாணம் முடிச்ச வருசத்தில இருந்து நான்தான் தைச்சனான்."

நான் கதவைப் பார்த்தேன். சிவப்பு மை என்னைப் பார்த்தது. தங்கச்சி என்னையும் சிவப்பு மையையும் மாறி மாறிப் பார்த்தார். அணியாவிட்டால் உடுப்புக் கிடைக்காது. உடுப்புக் கிடைக்காவிட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் சட்டமும் இல்லை. ஆகவே சட்டத்தைக் காப்பாற்றுவதற்காகவே சட்டத்தை மீறுகிறேன் என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு கையை நீட்டினேன்.

வெல்வெட் பாரமாக இருந்தது. உள்ளே பழைய வியர்வையும் உப்பும் மணத்தன. அக்கா எனக்குப் பின்னால் நின்று விளிம்புகளை இழுத்துச் சேர்த்தார்.

"மூச்சை உள்ள எடுங்கோ. இன்னும். அந்தாளுக்கு இவ்வளவு இல்லைப்போல கிடக்கு."

"இப்ப சொல்லுறியள்?"

"கதைக்கப்படாது. உடம்பில வச்சுத் தைக்கேக்க வாயில நூல் கடிக்கோணும். இல்லாட்டி ஆளுக்கு ஆகாது. இந்தாங்கோ." ஒரு துண்டு நூலை என் பற்களுக்கிடையில் வைத்தார். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் வாய் மூடி நின்றதை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார்.

ஊசி கீழிருந்து மேலே ஏறியது. பழைய துளைகளைத் தேடி, அதற்குள்ளாலேயே நூலை விட்டார். புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. கொழும்பில் எனக்குப் படிப்பித்தவர் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார். இழுக்க இழுக்க உடுப்பு என்னை இறுக்கியது. கையை உயர்த்த முடியவில்லை. குனிந்தால் கண்ணாடி தெறிக்கும். மூச்சைப் பாதிதான் விடலாம். யன்னல் பூட்டியிருந்தது. வியர்வை முதுகால் ஓடியது. வியர்வை துணிக்கு விஷம் என்று கதவில் எழுதி வைத்தவனும் நானே.

தைத்துக்கொண்டே அக்கா கதைத்தார்.

"தைச்ச கைதான் பிரிக்கோணும், தெரியுமே? வேற ஆள் பிரிச்சா வேசம் இறங்காது எண்டு கூத்துப் பழக்கிற அண்ணாவியார் சொல்லுவார். ராசாவுக்கு ஒண்டுக்கு வந்தாலும் ராசாவாத்தான் போகோணும். நீ என்னைப் பூட்டி வச்சிருக்கிறாய் எண்டு அந்தாள் என்னை ஏசும்." சிரித்தார். ஊசி ஏறியது. "கடைசிமுறை, விடிய மங்களம் பாடி முடிய முந்தியே கடற்காரர் மேடைக்குப் பின்னால வந்திட்டினம். மீன் பட்டிருக்கு, வா வா எண்டு. அந்தாள் கெதியாப் பிரி, கெதியாப் பிரி எண்டு துள்ளுது. கீழ எல்லாம் ஒழுங்காப் பிரிச்சிட்டன். இடுப்புக்கு மேல இழுத்த இழுவையில நூல் அறுந்து துளைக்குள்ளயே கிடந்துது. சரி, வந்தாப்பிறகு எடுப்பம் எண்டு விட்டனான்."

நூல் துணிக்குள்ளால் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"வள்ளமும் வரேல்லை, ஆளும் வரேல்லை. பேந்து நான் அதை எடுக்கேல்லை. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அது அப்பிடியேதான் வந்தது. துவைச்சா நூல் போயிடும் எண்டு துவைக்கவுமில்லை. அதுதான் நான் அந்தாளுக்குத் தைச்ச கடைசித் தையல்."

நான் நூலைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் ஊசி இடுப்பளவில் நின்றது.

"இனி அதுகளுக்கு மேலால தைக்கப்படாது. பக்கத்தால விட்டுத் தைக்கிறன்." விரல் விளிம்பில் தடவியது. ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. மற்ற விளிம்பிலும். "எங்க தம்பி அதுகள்?"

தங்கச்சியின் முகம் எனக்கு நேரே இருந்தது. அதில் சிரிப்பு இல்லை.

வாயில் நூல் இருந்தது. கதைக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். அந்தச் சாட்டில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று ஒரு கணம் கணக்குப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். உதிர்ந்துபோயிருக்கும், ஐஸ்பெட்டிக் குளிரில் விழுந்திருக்கும் என்று சொல்லலாம். பூச்சி தின்றிருக்கும் என்று சொல்லலாம். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவும் முடியாது, அவர் கையில் பாதி தைத்தபடி நிற்கிறேன். நூலைத் துப்பினேன்.

"நான்தான் அக்கா எடுத்தனான். அழுக்கெண்டு நினைச்சன்."

"எடுத்து?"

"குப்பையோட கொளுத்திப்போட்டன்."

விதானையாரின் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழக்கதோசத்தில் ஏதாவது ஒரு பகிடி வாய்க்கு வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஊசி மறுபடி நகர்ந்தது. வெறுமையான துளைகளுக்குள்ளால், ஒன்றுவிடாமல், கழுத்துவரை தைத்தார். முடிச்சுப் போட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது.

"தொடங்கினதை நடுவில விடக்கூடாது" என்றார். ஊசியைப் பைக்குள் வைத்தார். "எனக்குத் தலை சுத்துது பிள்ளை, நான் வெளியில போறன்" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "சேர், அவா பஸ் தரிப்பிடத்தில இருக்கிறா."

கதிரை பக்கத்தில் இருந்தது, உட்கார முடியாது. யன்னல் இருந்தது, திறக்க முடியாது. தங்கச்சி கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார்.

"திரும்புங்கோ சேர். ரெண்டு வெட்டு. துணியில படாமல் வெட்டுறன்."

"வேண்டாம்."

"வேசம் இறங்காதெண்டு நம்பிறியளோ?"

"இல்லைத் தங்கச்சி. அவாவின்ர நூலைக் கேக்காமல் ஒருக்கா எடுத்தாச்சு. அதே போதும்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு மூலையில் கிடந்த கறுப்புக் குடையை எடுத்தார். "அப்ப நடவுங்கோ. வெயில் படக்கூடாது."

முல்லைத்தீவு மத்தியான வெயிலில், கண்ணாடி வைத்த ராசா உடுப்போடு, கீழே அரசாங்க வேலைக்குப் போடும் நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாக நான் நடந்தேன். பக்கத்தில் ஒரு கையில் பதிவுக் கோப்பும் மறுகையில் குடையுமாகத் தங்கச்சி. குடைக்கு வெளியே என் வயிறு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்த கண்ணாடிகள் எதிர்ப்பக்கச் சுவர் முழுக்க வெளிச்சப் புள்ளிகளை ஓடவிட்டன. ஒரு நாய் அதைத் துரத்திக்கொண்டு வந்தது.

"அண்ணை, கூத்து எத்தினை மணிக்கு?" என்றான் ஓட்டோக்காரன் ஒருவன்.

"ராசா, ரதம் வேணுமோ? நூறு ரூவாதான்!" என்றான் மற்றவன்.

ஐஸ்கிறீம் கடை நானா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "சேர், இவர் எப்ப எழும்பினவர்? நான் பெட்டியைப் பூட்டித்தானே வச்சனான்!"

வேறொரு நாளென்றால் மூன்று பேருக்கும் மூன்று பதில் கொடுத்திருப்பேன். அன்று தலையைக் குனியவும் முடியவில்லை. கழுத்துவரை தைத்திருந்தது.

அக்கா பஸ் தரிப்பிடத்துச் சீமெந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

"வெயில் படக்கூடாதெண்டு எழுதி ஒட்டியிருக்கிறியள்."

"ஓம் அக்கா."

"திரும்பி நில்லுங்கோ."

சுவரைப் பார்த்துத் திரும்பினேன். மூக்குக்கு நேரே மூன்று மாதத்தில் ஆங்கிலம் பேசவைப்பதாக ஒரு விளம்பரம். அவர் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மேல் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு தையலாக நெம்பி எடுக்கத் தொடங்கினார். ஆட்கள் சுற்றி நின்றார்கள், பிறகு சிரிப்பு அடங்கியது. தோள்வரை வந்தபோது நாயாற்றுப் பக்கம் போகிற பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

"அம்மா, வாறியளோ? எடுக்கப்போறம்!" என்றான் நடத்துநர்.

"போங்கோ. எனக்கு வேலை கிடக்கு."

பஸ் போய்விட்டது. கைகள் அவசரப்படவில்லை. இடுப்புக்கு வந்தபோது இன்னும் மெல்லப் போயின. நான் முழு மூச்சு விட்டேன். கடைசியில் நூல் அறாமல் ஒரே நீளமாகக் கையோடு வந்தது. அவர் அதை ஒரு கணம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சுருட்டி, வாங்குக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். நான் குனியப் போனேன்.

"விடுங்கோ தம்பி. அது ஒண்டுமில்லாத நூல்."

உடுப்பை என் தோளிலிருந்து கழற்றி, மடியில் கிடத்தினார். முதுகு விளிம்பில் ஒருமுறை விரலை ஓடவிட்டார். "அந்தத் தாளைத் தாங்கோ பிள்ளை" என்றார் தங்கச்சியிடம். தங்கச்சி என்னைப் பார்த்தார். கோப்பைத் திறந்து நன்கொடைப் படிவத்தைக் கொடுத்தார்.

இதற்காகத்தானே இவ்வளவும். ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை.

"கோபத்தில வைக்காதைங்கோ அக்கா. கொண்டுபோங்கோ. யோசிச்சுப் பேந்து..."

"கோபமில்லை. வீட்டில கிடந்தா எடுத்து எடுத்துப் பாக்கிறது. பாக்கிறதுக்கு இனி அதில என்ன கிடக்கு? வெறும் உடுப்பு." கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். "வெறும் உடுப்பெண்டா உங்களிட்டையே இருக்கட்டும். நீங்கள் வடிவாப் பாப்பியள்."

கடைசி வசனத்தில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் குரலில் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பஸ் வருமட்டும் நாங்கள் மூன்று பேரும் வாங்கில் இருந்தோம். நானா மூன்று ஐஸ்கிறீம் அனுப்பினார். அக்கா தன்னுடையதை முழுதாகச் சாப்பிட்டார். என்னுடையது கையில் உருகியது, உடுப்பில் சொட்டிவிடும் என்று தங்கச்சி அதைப் பிடுங்கி எறிந்தார்.

பின்னறை மூடப்படவில்லை. என் உடம்பை அளந்து தச்சர் ஒருவர் மரத்தில் ஒரு உருவம் செய்து தந்தார். ராசா உடுப்பு அதில் நிற்கிறது, முதுகைச் சுவர்ப்பக்கம் காட்டிக்கொண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போது பத்து நிமிடம் நிற்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது. எல்லாரும் கைகொடுக்கிறார்கள். அந்தக் கையை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். யன்னல் பூட்டித்தான் இருக்கிறது. அக்கா இன்னும் வந்து பார்க்கவில்லை.

பொருள் சேரும்போது அதன் நிலையைப் பற்றி ஒரு படிவம் நிரப்பி அனுப்பவேண்டும். நான் எழுதி அனுப்பினேன்: வெல்வெட் நல்ல நிலை, ஜரிகை கறுத்துள்ளது, கண்ணாடிகளில் சில இல்லை. முதுகு விளிம்பின் தையல் துளைகளில் கொடுத்தவரின் கையால் தைத்த நூல் இருந்தது, அதைப் பொறுப்பாளராகிய நான் கேட்காமல் பிடுங்கி எரித்துவிட்டேன்.

படிவம் திரும்பி வந்தது. கடைசி வசனத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: தேவையற்ற விபரம், நீக்கி அனுப்பவும்.

அதை அப்படியே திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் அனுப்பினேன்.

"சேர், அந்த ஒரு வசனத்தை எடுத்துப்போட்டு அனுப்பினா அலுவல் முடிஞ்சுது" என்றார் தங்கச்சி போன கிழமை. "எத்தினை தரம் அனுப்பிறது?"

"அவையள் களைக்கும்வரைக்கும்."

அவர் புது முத்திரை ஒட்டினார்.